கிழக்கே சிங்காரம் தோப்பு

சதுரங்கப்பட்டினம்
14-8-1974

அன்பு மகன் திருநாவுக்கரசுக்கு அப்பா பூவராகவன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கடலும் இந்த வாரம் சுகமாகத்தான் இருக்கிறது, பிலாயில் அந்த இரும்பு உலைச் சூட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்பது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். கருவாடு இந்த மாதம் இரண்டு தடவை மதுராந்தகம் சந்தைக்குப் போனது, வெயில் நன்றாக அடித்ததால் சீக்கிரம் காய்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதை எழுதாதே என்றாள், எழுதிவிட்டேன்.

போன கடிதத்தில், இங்கே நாலாபக்கமும் கடலே கிடையாது, தூக்கத்தில் அலைச் சத்தம் கேட்டு எழுந்து உட்காருகிறேன், கடல் சத்தம் கேட்கிற வீடாக ஒன்று பாருங்கள், என் ஐந்து வருஷச் சேமிப்பு அதற்குத்தான் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அன்றிலிருந்து நான் பாதிக் கனவில்தான் நடமாடுகிறேன். குப்பத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிற சடையப்பன் வீடு உனக்கு ஞாபகம் இருக்கும், ஓட்டு வீடு, இரண்டு அறை. அவன் வீட்டை விற்றுவிட்டு மதுராந்தகத்தில் மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொன்னான். தினமும் காலையில் சாவி வாங்கிக்கொண்டு போய் அந்த வெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பேன். உன் கட்டிலை மனசுக்குள்ளேயே கிழக்கு ஜன்னலோரம் போட்டேன், பேரன் ஒருவன் வந்தால் அவன் தூளியை எந்த உத்தரத்தில் கட்டுவது என்றுகூடப் பார்த்துவிட்டேன், நீ இன்னும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒரு மத்தியானம் உன் அம்மா அங்கே வெறுந்தரையில் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து, கடல் வாசப்படி வரைக்கும் வந்து உள்ளே யாரு என்று கேட்டுவிட்டுப் போனதாகக் கனவு கண்டேன் என்றாள். நல்ல சகுனம் என்று நான் சொன்னேன்.

நம் குப்பத்து வழக்கம் உனக்குத் தெரியும், முழங்கால் அளவு அலையில் நின்று கடலம்மாவைச் சாட்சி வைத்துச் சொன்ன வார்த்தையை யாரும் மாற்றுவதில்லை. நானும் சடையப்பனும் அப்படி நின்று பேசி முடித்தோம், வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்று ஏற்பாடு. கல்பாக்கம் வேலைக்கு வந்தவர்களெல்லாம் வீடு தேடி அலைகிறார்கள், கை நழுவிவிடுமோ என்று எனக்கு அவசரம்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன், திட்டாதே. உன் கடிதத்தின் பின்பக்கத்தில், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிவிட்டேன். படகு கவிழ்ந்தபோது தலைமயிரைப் பிடித்து என்னைத் தூக்கியவன் சடையப்பன், அவன் மேல் வக்கீலை வைப்பதா என்று கோபம் வந்துவிட்டது. அவளுக்கு எழுத்துத் தெரியாதுதான், கண் இருக்கிறதே. மறுநாள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் எழுதிக்கீறான், நீ ஒரு பக்கந்தான் படிச்ச, மீதிய யாருக்கு வெச்சிக்கினு கீற?" என்று கேட்டாள். படித்தேன். "சடையப்ப அண்ணாத்த நல்லவருதான், யாரு இல்லன்னது? அவரு நல்லவருன்னு காயிதத்துக்கு இன்னா தெரியும், போய்ட்டு வா" என்று துண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜானகிராமன் என்கிற வக்கீலைப் பார்த்தேன். சடையப்பனிடம் கேட்டு வாங்கிப்போன முப்பத்தெட்டாம் வருஷத்துப் பத்திரத்தை நிதானமாகப் படித்தார். நாலு பக்கத்து எல்லையில், கிழக்கே சிங்காரம் சவுக்குத் தோப்பு என்று இருந்தது. தோப்பு இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கேட்டார். நான் பெருமையாக, சிங்காரம் தோப்புதானே சார், அங்கே கிழங்கான் மீன் நன்றாக விழும், நேற்றுகூட வலை விட்டார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடல் கொண்டுபோன இடத்தையெல்லாம் நாம் பழைய பேரிலேயே சொல்லி மீன் பிடிக்கிறோம், சிங்காரம் தோப்பு என்று வாய் சொல்கிறது, கை துடுப்புப் போடுகிறது. சடையப்பன் வீட்டுப் புழக்கடைக் கிணற்றின் செங்கல் வட்டம் நீர் வற்றும்போது அலைக்குள்ளே தெரிவதைப் பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கிறதே என்று நின்று பார்த்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. திரும்பி வந்து கயிறு பிடித்து அளந்தேன். பத்திரத்தில் கிழமேல் தொண்ணூறு அடி, தரையில் முப்பத்தெட்டு. மறுநாள் போய்க் கணக்கைச் சொன்னேன். மீதி ஐம்பத்திரண்டு அடித் தண்ணீருக்கும் சேர்த்து நீங்கள் கையெழுத்துப் போட இருந்தீர்கள், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருந்தால் ஒரு காப்பி வாங்கிக் கொடுப்பதைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் வக்கீல். உன் கட்டில் போட்ட இடத்திலிருந்து அலைக்குப் பன்னிரண்டு அடிதான் பாக்கி.

சடையப்பனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். கேட்டுவிட்டு அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். "நான் ஒண்ணும் மறைக்கல அண்ணாத்த, தெனம் பாத்துகினே கீறோம், அதான் தெர்ல" என்றான். ஏமாற்றுகிறவனின் பேச்சு இல்லை அது. இரண்டு பேரும் மறுபடியும் அலையில் இறங்கி, சொன்ன வார்த்தையைக் கடலம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். இந்த மாதமே மகள் வீட்டுக்குப் போய்விடு என்று நான்தான் அவனை அவசரப்படுத்துகிறேன்.

நீயும் நாளைக்கு அங்கேயே மனை கினை வாங்க நேர்ந்தால் கேட்டுக்கொள், வக்கீலைப் பார்ப்பது சண்டை வந்த பிறகு இல்லை, பணத்தை நீட்டுவதற்கு முன்னால். விற்கிறவன் கூடப்பிறந்தவன் போல இருந்தால் கட்டாயம் பார், அங்கேதான் நாம் கேள்வியே கேட்பதில்லை. இப்போது ஊருக்கு மேற்கே திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், பத்திரம் வக்கீலிடம் இருக்கிறது, வில்லங்கம் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். கிழக்குக் காற்று அடித்தால் அங்கேயும் கடல் சத்தம் கேட்கிறது. அம்மா தனக்குக் கேட்கவில்லை என்கிறாள். எனக்குக் கேட்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, உலைப் பக்கம் போகும்போது காலில் பூட்ஸ் இல்லாமல் போகாதே, சிக்கனம் என்று வயிற்றைக் கட்டாதே. கடலம்மா உன்னைக் காப்பாற்றுவாள். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன், முழங்கால் வலி உட்பட. கடைசியில் தன் பங்குக்கு ஒன்று எழுதச் சொன்னாள். "நீ வந்து மூணு வருசமாச்சி. வூடு கெடக்குது, மொதல்ல நீ வா." நீ வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்று சமாதானம் சொல்லி இதை எழுதாமல் விடப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. நான் தாண்டியது போல நீ இந்த வரியைத் தாண்டிவிடாதே அப்பா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா பூவராகவன், அம்மா ரத்னா