ஆகாசத்துக்கு ஹர்த்தால்

இன்று காலை மைதானத்தில் முழங்காலுக்கு முறிவெண்ணெய்த் தைலம் தடவினேன். அந்த வாசனை எழுந்ததுமே நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. "போதும் பிள்ளே, காலைப் பொரிக்கவா போற?" என்று கேட்பாயே. சேதி கேள்: நம் போட்டிக்கு மறுபடி தேதி குறித்துவிட்டார்கள்! வளைகுடாவில் சண்டை ஓய்ந்துவிட்டது. சனிக்கிழமை விமானம்.

ஐம்பதைத் தாண்டிய நான்கு பெண்கள், மூத்தோர் தடகளத்தில் தொடர் ஓட்டம், அதுவும் சர்வதேசப் போட்டி! கரமனையில் நம் தெருவே சிரித்தது. மூன்றாவதாக ஓடி நான் பேட்டனை உன் கையில் தருவேன். கடைசி நூறு மீட்டர் உன்னுடையது. போன வருஷம் விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோதுதான், போட்டி நடக்கவிருந்த ஊரில் குண்டு விழுந்து வான்வழியை மூடிவிட்டதாக அறிவித்தார்கள். மற்ற இருவரும் அழுதார்கள். எனக்கோ கோபம் தாங்கவில்லை. யாரோ சண்டை போட, நம் ஓட்டம் ஏன் நிற்க வேண்டும்?

"ஹர்த்தாலுக்குக் கடைய அடைப்பாவ, கண்டிருக்கேன். ஆகாசத்தையுமா அடைப்பாவ?" என்றாய் நீ. அழுதவர்களும் சிரித்துவிட்டார்கள்.

"போட்டும். பெட்டி பொறவு வரும். ஷூ கால்லதான இருக்கு?" என்று எங்களை ஆட்டோவில் ஏற்றி சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாய். பேட்டன் பெட்டிக்குள் போய்விட்டதால் உன் மடக்குக் குடையை வைத்து ஓடினோம். நான் தந்த வேகத்தில் பொத்தான் அமுங்கி, குடை படாரென்று விரிந்துவிட்டது! நீ நிற்கவில்லை. காற்று பின்னுக்கு இழுக்க இழுக்க, விரிந்த குடையோடு மணலில் ஓடினாய். கடலை விற்றவர் முதல் எல்லோரும் "ஓடு சேச்சி, ஓடு!" என்று கத்தினார்கள்.

போட்டியைத் தள்ளிவைத்தார்கள். நீதான் அதுவரை இருக்கவில்லை. மழைக்காலக் காய்ச்சல் ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இனி ஓடுவதில்லை என்றுதான் இருந்தோம். உன் வீட்டுக்காரர் வந்து, "அவ இருந்தா உங்கள சும்மா விடுவாளா?" என்று சத்தம் போட்டார். நான்காவதாக ஒருத்தி சேர்ந்தாள். கடைசி நூறு மீட்டர் எனக்கு வந்தது.

"திரும்பிப் பாக்காம எப்படிட்டி கைய நீட்டுற?" என்று உன்னிடம் ஒருநாள் கேட்டேன். "நீ வருவேல்லா, பின்ன எதுக்குப் பாக்கணும்?" என்றாய். இன்று உன் இடத்தில் நான் நின்றேன். பின்னால் புதியவளின் காலடி கேட்டது. நான் பார்க்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன். பேட்டன் வந்து சேர்ந்தது. அழுதுகொண்டேதான் ஓடினேன், ஆனால் அப்படியொரு ஓட்டம் நான் ஓடியதே இல்லை!

சனிக்கிழமை மறுபடி ஆகாசத்தை அடைத்தாலும் சரி, ஓடாமல் நாங்கள் வீடு திரும்பமாட்டோம்.