பெரட்டுச் சங்கு கலந்த ஆல்பம்

என் பாசக்கார அண்ணனுக்கு,

நேற்று உன் கேசட்டால் என் மகளை இழக்கப் பார்த்தேன். நீ கண்ணை மூடிய பின் இந்த ஏழு வருஷத்தில் உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

நாலு நாளாக விடாத மழை. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் நிலம் வெடித்திருக்கிறது என்று எல்லோரையும் கீழே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டை, மாற்றுத் துணி, அரிசி எல்லாம் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பையைக் கொட்டிப் பார்த்தபோதுதான் உன் இங்கிலீஷ் பாட்டுக் கேசட்டை லயத்திலேயே விட்டு வந்தது தெரிந்தது.

"அதுக்கு ஏம்மா இந்தப் பாடு? அந்த ஆல்பம் முழுசும் என் போன்ல இருக்கு" என்றாள் மகள் மலர்.

இருக்கிறது, தெரியும். அவள் வயதுப் பிள்ளைகள் இன்னமும் அதைக் கேட்கிறார்கள். காதோடு பேசுவதுபோல முணுமுணுத்துக்கொண்டே வந்து, நாம் எதிர்பாராத நேரத்தில் கிட்டாரோடு சேர்ந்து கத்துகிற அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லை. நமக்கு இங்கிலீஷ் புரியவில்லை. அந்தக் கத்தல் புரிந்ததா, இல்லையா? வாய்விட்டுக் கத்த இடமில்லாத லயத்தின் பத்தடி அறையான காம்பராவில் அது நமக்காகவும் கத்தியது.

ஆனால் போனில் இருப்பது நம்முடையது இல்லையே. நானுஓயா ஊர்ச் சிநேகிதனிடம் அசல் கேசட்டை ஒரு நாள் இரவல் வாங்கி, இரண்டு ரேடியோப் பெட்டிகளை எதிரெதிரே வைத்து நீ பதிந்ததுதான் நம்முடையது. நாலாம் பாட்டின் நடுவில், ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊதும். அதுவும் பாட்டோடு சேர்ந்ததுதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். மலரின் போனில் முதன்முதலாகக் கேட்டபோது, சங்கை வெட்டிவிட்டார்கள் என்று அவளோடு சண்டைகூடப் போட்டேன். அந்தப் பாட்டு முடிந்ததும் நீ மெல்ல இருமுவாய். உன் குரல் என்று எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு இருமல்தான் அண்ணே.

போனில் இருக்கிறதே என்று அவள் சொன்ன எரிச்சலில் மலரிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "ஒனக்கு என்னடி தெரியும்? அங்க மண்ணுக்குள்ள போகப்போறது எங்கண்ணன்!"

அவள் எழுந்து போனாள். தேத்தண்ணி ஊற்றும் இடத்துக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அரை மணி கழித்து, பக்கத்துக் காம்பரா செல்லம்மாக்கா வந்து, "மலரு லயத்துப் பக்கம் ஏறிப் போகுதே, நீயா அனுப்புன?" என்று கேட்டார்.

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. படிக்கட்டெல்லாம் சேறு. பேர் சொல்லிக் கத்தினேன்; மழையில் என் காதுக்கே கேட்கவில்லை. மேலே கல் உருளும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. உன்னைத் திட்டினேன் அண்ணே. செத்த ஆளென்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வளைவில் அவள் இறங்கி வந்தாள். முழங்கால்வரை சேறு, கை இரண்டும் வெறுமை.

"வாசல்வரைக்கும் போயிட்டேம்மா. செவரு பொளந்து கெடக்கு. உள்ள காலு வைக்கப் பயந்துட்டேன்" என்று அழுதாள். "மாமாவ விட்டுட்டு வந்துட்டேம்மா."

அடிக்க ஓங்கிய கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். "விட்டுட்டு வந்தியே, அதுதான்டி நல்லது" என்றேன். உன்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்றும் மழை விடவில்லை. லயம் இன்னும் நிற்கிறதாம். எவ்வளவு நேரத்துக்கோ? உன் இருமலை இன்னொரு தடவை கேட்க எனக்கு ஆசை இருக்காதா, நீயே சொல். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன்: லயம் நின்றாலும் சரி, விழுந்தாலும் சரி, உனக்காக இனி யாரையும் மேலே அனுப்பமாட்டேன். நானும் வரமாட்டேன்.

ஒரு கையால் மலரைப் பிடித்துக்கொண்டு எழுதும்
உன் தங்கச்சி சரசு