மணி இன்னா, ரத்தினம்?

செவ்வாய், 12 நவம்பர் 1968

காலையில் பனி. தங்கச் சுரங்க ஷாஃப்ட் மேலே இருக்கும் சக்கரம் ஒன்பது வரை கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும். பேனாவுக்கு நிப்பு. மனைவி கமலத்துக்கு இருமல் மருந்து. மதிய பஸ்ஸில் பெங்களூர் பத்திரிகை ஆபீசுக்கு என் செய்திக் கவர்.

ரத்தினம் ஊருக்கே வந்துவிட்டான். முப்பத்திரண்டு வயது, வலது முட்டி போயிற்று. இங்கே மைன்ஸ் ஃபுட்பால் டீமில் ரைட் ஹாஃபாகத் தொடங்கியவன். பிறகு பெங்களூரில் இரண்டு சீசன், கல்கத்தாவில் ஏழு. இந்திய ஜெர்சியில் ரங்கூன், ஜகார்த்தா, கோலாலம்பூர். நடு மைதானத்துக்காரன். பந்தை வாங்குவான், தலை தூக்கிப் பார்ப்பான், கொடுத்துவிடுவான். கைத்தட்டல் எல்லாம் கோல் போட்டவனுக்கு.

மைன்ஸ் டீமுக்கு கோச் வேண்டும். ர. மனு கொடுத்திருக்கிறான். கிடைத்தால் தரைக்கு மேலே ஒரு வேலை, குடியிருக்க கம்பெனி லைன் வீடு. கிடைக்காவிட்டால் முட்டி போனவனைச் சுரங்கத்துக்குள் அனுப்ப மாட்டார்கள். மறுபடி கல்கத்தா, ஏதோ சணல் மில்லில் வாட்ச்மேன். மனைவி சரசாவுக்கு ஏழாம் மாதம்.

டீம் கமிட்டிச் செயலாளர் வரதனைப் பார்த்தேன். முப்பது வருஷம் உள்ளே வேலை செய்து மேலே வந்தவர். இழுப்பறையிலிருந்து பழுத்த பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். என்னுடையதுதான்.

"நீங்க எழுதினது சார். பந்து போவுது, இவன் மணி பாத்துகினு நிக்கிறான். இவன் வந்து டீமுக்கு இன்னா கத்துக் குடுப்பான்?"

டீ ஆறிப்போயிற்று.

புதன், 13

அந்தத் துண்டு. கோலாலம்பூர் மேட்சுக்கு நான் போகவில்லை. ஆங்கிலப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து இங்கே உட்கார்ந்து எழுதியது. படத்தில் எதிரணி ஆள் பந்தோடு கடந்து போகிறான். ர. அப்படியே நிற்கிறான், முகம் மேலே, கேலரிக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்து. அடுத்த நொடி கோல். இந்தியா தோற்றது.

என் வரி: 'ரத்தினத்தின் கண் பந்தில் இல்லை, கடிகாரத்தில். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம் போலும்.'

ஆசிரியர் பாராட்டிக் கார்டு போட்டார். அதன் பிறகு ர.வை இந்திய அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. லீவில் வந்து இங்கே ஆடும்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே யாராவது கத்துவார்கள்: "ரத்தினம், மணி இன்னா?" சுரங்கத்தில் வேலை செய்யும் அவன் அண்ணன் முனுசாமிதான் முதல் குரல். ஊரே சிரிக்கும். நானும்.

நிப்பு வாங்க மறந்தேன்.

வியாழன், 14

காலை பதினொன்று இருபது. ராக் பர்ஸ்ட். உள்ளே எங்கோ பாறை வெடித்து வீடு தரையோடு ஒரு குலுக்கு. அலமாரியில் தட்டுகள் உருண்டன.

அடுப்படியிலிருந்து கமலம்: "மணி இன்னாங்க?"

நான் ஏற்கெனவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட். பக்கத்து வீட்டு ஏழுமலை உள்ளே. எதிர் வீட்டு தாஸ் வெளியே. தரை ஆடினால் இந்த ஊரில் எல்லோருக்கும் இதே வரிசை: முதலில் மணி, அப்புறம் ஷிப்ட், அப்புறம் பெயர்கள்.

அரை மணி கழித்து சைக்கிளில் ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டே போனார். யாருக்கும் ஒன்றுமில்லை. ஏழுமலை மனைவி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள்.

கமலம் தட்டுகளை அடுக்கினாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கண் இன்னும் கடிகாரத்தில்.

வெள்ளி, 15

மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைனில் அண்ணன் வீட்டில்தான் ர. தங்கல். முறத்தை மடியில் வைத்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தான். கால் நீட்டியபடி.

"கோலாலம்பூர்ல தரை ஆடிச்சா?" என்று கேட்டேன்.

கை நின்றது.

"மரக் கேலரி சார். அவங்க ஆளு பந்து எடுத்துகினு ஓடறான், மொத்த ஜனமும் பலகைல காலைத் தட்டறாங்க. நான் கோட்டு ஓரம். அந்த ஆட்டம் பாதத்துல ஏறிச்சு. மணி பாத்தேன். அஞ்சே கால். நம்ம ஊர்ல மூணே கால். அண்ணன் அந்த வாரம் செகண்ட் ஷிப்ட், உள்ளதான் இருப்பாரு."

"அப்பால?"

"அப்பால பாத்தா பந்து நெட்டுல கீது."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை? குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் காதுக்குப் போனா, தன்னாலதான் ஜெர்சி போச்சுன்னு நெனைப்பாரு. அப்பா போனப்புறம் என்னை வளத்தவரு. சிரிச்சிகினு மணி கேக்கறாரே, அப்படியே இருக்கட்டும். பேப்பர்ல போடாதீங்க சார்."

போட மாட்டேன் என்றேன்.

உள்ளேயிருந்து சரசா: "கொட்டை பிதுக்கச் சொன்னா ரெண்டு பேரும் இன்னா குசுகுசுன்னு? குழம்பு நாளைக்கா?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மிச்ச அவரையைப் பிதுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். நகமெல்லாம் பச்சை, சோப்பு போட்டும் போகவில்லை.

சனி, 16

எழுதியதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. கண் கடிகாரத்தில்தான் இருந்தது. இந்த ஊர்க்காரனான நான் அந்தப் படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியவில்லை.

பேப்பரில் போட மாட்டேன் என்றுதான் வாக்கு. வாயால் சொல்வது? சரியா தப்பா தெரியவில்லை. வரதனிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

அவரிடமிருந்து ஒரே கேள்வி.

"எந்த ஷிப்ட்?"

"செகண்ட்."

தலையாட்டினார். இழுப்பறையைத் திறந்து அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். "உங்களுது. நீங்களே வச்சிக்குங்க."

"முனுசாமிக்குத் தெரியக் கூடாது."

"எனக்கே தெரியாது சார். போங்க."

வெள்ளி, 22

ஆர்டர் வந்துவிட்டது. திங்கள் முதல் கோச். சரசா ஒரு தூக்கு நிறைய பாயசம் அனுப்பினாள். சர்க்கரை அதிகம். கமலம் இரண்டு டம்ளர் குடித்தாள், இருமலோடு.

திங்கள், 25

கடும் பனி. மஃப்ளர். விடியும் முன்பே மைதானம். ர. கழுத்தில் விசில், முட்டியில் கட்டு. டீம் முழுக்க வரிசையில், வாயில் பனிப்புகை.

ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கேஜ் லிஃப்டில் இறங்கப் போகிற முனுசாமி, டிபன் கேரியரோடு கோட்டருகே நின்றான். கையைக் குவித்து:

"கோச்சு, மணி இன்னா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. ர. கைக்கடிகாரத்தைத் திருப்பி நிதானமாகப் பார்த்தான்.

"அஞ்சு நாப்பது. போண்ணா, கேஜ் போயிடும்."

அண்ணன் நடந்தான். பனியில் அவன் முதுகு மறையும் வரை ர. விசில் ஊதவில்லை.