விருப்பத்தின் பேரில்

வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள கால்புள்ளிக்கு,

அப்பா எழுதுகிறேன். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்காத பெண் என்று சின்ன வயதில் உனக்கு நான் வைத்த பெயர் இது. இப்போதெல்லாம் நீ அனுப்பும் செய்தி ஒரு வரியைத் தாண்டுவதில்லை. நேற்று விமான நிறுவனத்தின் பதிலையும் அந்தப் படிவத்தின் நகலையும் படமெடுத்துப் போனில் அனுப்பிவிட்டு, அதன் கீழேயும் ஒரே வரிதான் எழுதியிருந்தாய்: 'அப்பா, இது உங்கள் கையெழுத்துதானே?'

போனில் கூப்பிட்டிருக்கலாம். பேசினால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும் என்பது உனக்குத் தெரியும். எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் உன் உடம்பைப் பற்றிச் சொல். ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம் முடிந்துவிட்டது. கழுத்துத் தழும்பு ஆறிவிட்டதா? விழுங்கும்போது வலி இருக்கிறதா? குரல் கொஞ்சம் கம்மியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். அலுவலகத்தில் உன்னை அதிகம் பேசவிடாமல் பார்த்துக்கொள்கிறார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்து என்னுடையதுதான். 'பயணி தம் விருப்பத்தின் பேரில் இருக்கையை விட்டுக்கொடுத்திருப்பதால் இழப்பீடு கோர இயலாது' என்று அவர்கள் எழுதியிருக்கிறார்களே, அதுதான் பொய். இரண்டும் எப்படி உண்மையாகும் என்று நீ கேட்பாய். பொறுமையாகப் படி.

அந்தப் புதன்கிழமை மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் டிக்கெட்டை வாங்கி வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். கடைசியில், 'சார், இருக்கிற சீட்டுக்கு மேல டிக்கெட் குடுத்துட்டாங்க. உங்களுக்கு இடம் இல்ல. அடுத்து வெள்ளிக்கிழமைதான்' என்றாள். ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு எப்படி விற்பார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. நாளைக்குக் காலையில் என் மகளுக்கு ஆபரேஷன், அவளுக்கு அங்கே வேறு யாரும் இல்லை என்று சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது. உள்ளே போய் மேற்பார்வையாளரை அழைத்து வந்தாள்.

அந்த ஆள் வருவதற்குள், பக்கத்தில் மாட்டியிருந்த பயணிகள் உரிமைப் பலகையை முழுக்கப் படித்துவிட்டேன். என் வியாதி உனக்குத் தெரியாததா. இடம் போதாவிட்டால், தங்கிப்போகச் சம்மதிப்பவர்கள் யாராவது உண்டா என்று முதலில் கேட்க வேண்டுமாம். சம்மதம் இல்லாதவரை நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும், சாப்பாடு தர வேண்டும், முடிந்தவரை சீக்கிரம் வேறு விமானத்தில் அனுப்ப வேண்டும். இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை இருந்தாலும் விஷயம் தெளிவாகவே இருந்தது. மேற்பார்வையாளரிடம் அதைக் காட்டினேன். 'எல்லாம் பண்ணிடலாம் சார். முதல்ல இந்த ஃபாரத்தைச் சரிபார்த்துக் குடுங்க' என்று ஒரு தாளை நீட்டினார்.

அங்கேதான் நான் கவிழ்ந்தேன். முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவனிடம் போய்ச் சரிபார்த்துக் கொடுங்கள் என்றால் என்ன செய்வான்? பேனாவை எடுத்தேன். என் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது, போட்டேன். டிக்கெட் எண் சரியாக இருந்தது. மூன்றாவது வரியில் 'என் விறுப்பத்தின் பேரில்' என்று அச்சாகியிருந்தது. 'று'வை அடித்து, ஓரத்தில் 'ரு' என்று எழுதினேன். எங்கள் அச்சகத்தில் திருத்தியவர் திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டே ஆக வேண்டும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் ஆள் தெரிய வேண்டும் அல்லவா? கை தானாகப் போட்டுவிட்டது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் இருந்தது. நான் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். சம்மதக் கட்டமாம்.

நீ அனுப்பிய நகலைப் பெரிதாக்கிப் பார். ஓரத்தில் என் 'ரு' தெரியும். அர்த்தத்தை எழுதியவர் பார்த்துக்கொள்வார், எழுத்தை நாம் பார்ப்போம் என்று பழகிப்போன கண் இது. அன்றைக்கு மனமும் ஒரு நிலையில் இல்லை. மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். 'அவங்க தப்பைத் திருத்திக் குடுத்து, நீங்க மாட்டிக்கிட்டீங்களா' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன் என்று அங்கிருந்தே கூப்பிட்டேன். 'எல்லாம் முடிஞ்ச பிறகு எதுக்குப்பா' என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பயணிகள் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு நடந்ததையெல்லாம் தனித்தாளில் எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் மேல்முறையீட்டோடு சேர்த்து அனுப்பு. இழப்பீடு கிடைக்கும் என்றே நினைக்கிறேன். நீ அதற்காக என்னைக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தத் தாளில் எழுதாத ஒன்று இருக்கிறது. அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே.

இடம் இல்லை என்று அந்தப் பெண் சொன்னதும், கோபம் வருவதற்கு முன்னால், ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம் அம்மா, நிம்மதி. நான்கு வருஷத்துக்கு முன்னால், புருஷன் வீட்டுக்கு இனிமேல் போகமாட்டேன் என்று ஒரு பையோடு நீ வந்து நின்றாய். அந்தப் பையை நானே தூக்கிக்கொண்டு வந்து உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன். ரெண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அங்கே நீ என்னென்ன பட்டாய் என்று நான் கேட்கவே இல்லை. நீயாகத்தான் வெளியே வந்தாய். அப்பா வாங்க என்று நீ டிக்கெட் அனுப்பிய நாளிலிருந்து எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். கட்டிலில் கிடக்கிற உன்னிடம் முதலில் என்ன பேசுவது? அன்றைக்கு அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு நான் கவுண்டரில் நின்று கத்தியதை அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள். முன்னால் வந்த அந்த ஒரு நிமிஷத்தை யாரும் பார்க்கவில்லை. நான் தப்பு செய்தவன். உன்னைப் பஸ் ஏற்றியது தப்பு.

ஆனால் வர வேண்டும் என்றுதான் இருந்தேன். பயத்தோடு வர வேண்டும் என்றுதான் இருந்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன்.

இருபதாம் தேதி ஸ்கேன், அதைப் பார்த்துத்தான் இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்வார்கள் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நீ தனியாகப் போக வேண்டாம்.

நீ குடியிருக்கும் வீடு எங்கே என்று இதுநாள் வரை எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, கேட்கும் முகம் எனக்கும் இல்லை. விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்றுதான் அப்போது சொல்லியிருந்தாய். நேற்று நீ அனுப்பிய படத்தில், அந்த நிறுவனம் உனக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பில் உன் முகவரி இருந்தது. மூன்றாம் மாடி, பின்பக்க வீடு. அதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். கடிதம் அப்படி வரலாம். நான் அப்படி வந்து நிற்கக் கூடாது.

அந்த முகவரியை ஒரு முறை நீயே எனக்கு எழுதி அனுப்பு அம்மா. புறப்பட்டு வருகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா