பூநாரையின் காலடியில்

பங்குனி 3, திங்கள்
காலையில் பனி. பிறகு சுள்ளென்று வெயில். தூரத்தில் ஒன்பது பூநாரை. கிட்டே போனால் பறந்துவிடுகின்றன.

கோட்டை வைத்தியருக்கு (இனி வை., கை வலிக்கிறது) ஏரிப் பறவைகள் எல்லாம் படமாக வேண்டுமாம். அவருடைய சீமையான உலாந்தாவில் இருக்கும் சிநேகிதர்களுக்கு அனுப்புவாராம். துணியில் சித்திரம் எழுதிக்கொண்டிருந்த என்னை, அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி பிடித்துக் கொடுத்துவிட்டார். இருபது வருடமாகக் கொடியும் பூவும் எழுதிய கை. உயிருள்ள எதையும் பார்த்து எழுதியதில்லை.

இன்று:
கூழைக்கடா, நான்கு.
கொக்கு, எண்ணவில்லை.
பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று. அது வேறு சாதியா? தனிப் பறவையாகவே எழுதி வைத்தேன்.
தண்ணீர்ப் பாம்பு, என் கால் மேலேயே. பறவைக் கணக்கில் வராது. அலறியதால் எழுதுகிறேன்.

பங்குனி 4, செவ்வாய்
அலறலைக் கேட்டவள் முனியம்மா. மார்பளவுத் தண்ணீரில் நடந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போட ஓலைப்பறி, அதைப் பல்லில் கடித்திருப்பாள். அதனால் பேச்சு குறைவு. இன்று பறியை எடுத்துவிட்டே சிரித்தாள்.

"இன்னா நைனா, ஒரு பாம்புக்கா அம்மாஞ் சத்தம்?"

சாம்பல் பறவையைப் பற்றிக் கேட்டேன். "அது குஞ்சு. வளந்தா செவக்கும்." போச்சு. மை காய்ந்துவிட்டது.

கிட்டே போக வழி தெரியும் என்கிறாள். "எங்கூட நடந்து வா. ஆனா இடத்த யாராண்டயும் சொல்லாத." அம்மன் மேல் சத்தியம் செய்தேன்.

பங்குனி 6, வியாழன்
காற்றே இல்லை. முனியம்மா பின்னால் நடந்தேன். தண்ணீர் மார்பளவு, இடுப்பளவு, முழங்காலளவு, பிறகு வெள்ளையாய் ஒரு மேடு. அத்தனையும் செத்த கிளிஞ்சல். கண்ணுக்கு எட்டிய மட்டும் கிளிஞ்சல். எண்பது முழத் தொலைவில் பூநாரைகள், தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுத் தின்கின்றன. மூக்கு இப்படியா வளையும்! நானாக எழுதியிருந்தால் இப்படி வளைத்திருக்க மாட்டேன்.

அடுத்த அடி வைக்கப் போனேன். "கால எடு!" என்று கத்தினாள். காலுக்கடியில் மூன்று முட்டை. கூடு இல்லை, ஒரு புல் இல்லை. வெறும் கிளிஞ்சல் மேல் கிளிஞ்சல் நிறத்திலேயே. ஒன்றைப் பார்த்தால் பத்து தெரிகிறது. கண்ணைக் கொட்டினால் ஒன்றும் இல்லை. முட்டையிட்ட ஆலாப் பறவைகள் தலைக்கு மேல் கத்தி, தோளில் எச்சமும் போட்டன. பறவை பார்க்கப் போய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேட்டைச் சுற்றிக் கிளிஞ்சல் இடுக்குகளில் இறால் ஒதுங்குமாம். "இங்க கைய வுட்டா வெறுங்கையா வராது. இது இருக்குறதால தான் எங்க அடுப்பு எரியுது."

பங்குனி 8, சனி
படத்தைக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் வெற்றிடம் விடுவதில்லை. வெள்ளை தெரிந்தால் அரைகுறைத் துணி என்பார்கள். பூநாரையின் காலடியிலும் விடவில்லை. கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாக, முட்டைகளோடு.

வை. முதலில் மூக்கைப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அப்புறம் காலைப் பார்த்தார். கோட்டை அதிகாரிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்களும் காலையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

துபாசி சொன்னார்: "காலு நல்லாத்தான் கீது. காலுக்குக் கீழ இருக்கறது எங்கனு கேக்கறாங்க. மதிலுக்குச் சுண்ணாம்பு போதல. காளவாய்ல சுட்டுச் சுண்ணாம்பாக்கக் கிளிஞ்சல் வேணும்."

செவ்வாய்க்கிழமை படகுகள் வருமாம். நான் வழி காட்ட வேண்டுமாம். எனக்காகத் துபாசியே சரி என்றார்.

பங்குனி 9, ஞாயிறு
முனியம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தோண்டுனா பள்ளமாய்டும். தண்ணி என் தலைக்கு மேல போய்டும். நான் எங்க நைனா நிப்பேன்?"

நான் யாரிடமும் சொல்லவில்லையே? இருந்ததை இருந்தபடி எழுதினேன், அவ்வளவுதான். இல்லாத பூவும் கொடியும் எழுதின காலத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

பங்குனி 11, செவ்வாய்
மேற்குக் காற்று. துறையில் நான்கு படகு, கூடைகள், மண்வெட்டிகள்.

அப்படி ஒரு மேடே கிடையாது என்றேன். வெற்றிடம் விடக்கூடாது என்பது தொழில் வழக்கம், அதற்காகக் கற்பனையாய் நிரப்பினேன் என்றேன். துபாசி என்னை முறைத்துவிட்டு அதை வை.யிடம் சொன்னார். வை. படங்களை எடுத்துவரச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

முட்டை? கற்பனை.
சாம்பல் பறவை? கற்பனை.
வளைந்த மூக்கு? அதை நிஜம் என்றால் அவ்வளவு கிட்டத்தில் எங்கே பார்த்தாய் என்று வரும். கற்பனை என்றேன்.

இதுவரை நான் எழுதிக் கொடுத்த பதினொரு படங்களையும் அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டார். கோபம்கூட இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்ல மனிதர். என் ஆயுசில் நான் எழுதிய நிஜம் அந்தப் பதினொன்றுதான்.

படகுகள் திரும்பிப் போயின. மத்தியானம் கரையில் நின்றேன். தூரத்தில் ஒரு தலை, வாயில் பறி. மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

பங்குனி 12, புதன்
மேகம். மழை இல்லை. மறுபடி துணி. ஓரத்துக்குக் கொடி, நடுவில் அன்னம் வேண்டுமாம். அன்னத்தை யார் பார்த்தது? பூநாரையின் கழுத்தையும் காலையும் வைத்தேன். யாரும் கேட்கப் போவதில்லை.

அன்னத்தின் காலடி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. காலையிலிருந்து எழுதுகோலில் மை தொட்டுத் தொட்டுக் கீழே வைக்கிறேன். அங்கே எதை எழுதுவது என்று தெரியவில்லை.