முகவரிக் கட்டம்

அன்புள்ள தோழிக்கு,

உன் தங்கை வச்சலாவின் விஷயத்துக்குப் பிறகு நீ என்னோடு பேசுவதில்லை. கோபம் தணிந்ததா என்று கேட்க இதை எழுதவில்லை.

மருந்துக்கடை மாத்திரை போட்டுக் கருவைக் கலைத்தவள், ரத்தப்போக்கு நிற்காமல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டே நாளில் தேறிவிட்டாள். இப்படி வருகிறவர்களைப் பற்றி மேலே தகவல் அனுப்ப ஒரு படிவம் வந்திருந்தது. டூட்டி நர்ஸ் நான்தான், நிரப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலிடத்து ஆள் ஒருவர் உங்கள் குப்பத்துக்கு வந்து, குழாயடியில் நின்ற பெண்களிடம், "கரு கலைச்சுக்கினு வந்துச்சே வச்சலா, அது வூடு எது?" என்று விசாரித்தாராம். நீ சண்டைக்கு வந்தபோது, "ரூலு, நான் இன்னா பண்றது?" என்றேன்.

நேற்று உங்கள் பின்தெரு சங்கவியைத் தூக்கி வந்தார்கள். அதே மாத்திரைதான். நான்கு நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறாள். "இங்க வந்தா பேர எழுதி தெருவுக்கே சொல்லிடுவாங்கன்னு பயந்துகினு இருந்தா, சிஸ்டர்" என்று அவள் கணவன் அழுதான். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே உயிர் போய்விட்டது.

உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். முகவரிக் கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டிருக்கலாம். மேலதிகாரி திட்டுவாரோ என்ற பயத்தில்தான் வச்சலாவின் கதவு எண் வரைக்கும் எழுதினேன்.

இறந்தவளுக்கும் படிவம் உண்டு. இன்று சங்கவியின் முகவரியைக் காலியாக விட்டு அனுப்பினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்,
பழைய தோழி