விழாத 'ஏ'

4.7.88, திங்கள்
காலையிலிருந்து தூறல். வட்டக்கானல் வீட்டிலிருந்து மேலே பள்ளிக்கு ஏறி வருவதற்குள் சேலை முழங்கால் வரை ஈரம். பள்ளி ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வாரம். என் டைப்ரைட்டர் மூலையில், உறைக்குள்.
பெற்றோருக்கு இங்கிலீஷ் கடிதம் அடித்தேன். 'டியர் பேரன்ட்ஸ்' - இரண்டு இங்கிலீஷ் 'ஏ'யும் விழவில்லை. கீழே உள்ள வரிகளிலும் பாதி 'ஏ' இல்லை.
'ஏ' இடது சுண்டுவிரலின் எழுத்து. போன ஐப்பசியில் வழுக்கி விழுந்ததிலிருந்து மரத்துக் கிடக்கும் விரல். பழைய மிஷினில் இன்னொரு தட்டு தட்டிச் சமாளித்தேன். யாருக்கும் தெரியாது.

5.7, செவ்வாய்
மூடுபனி. மண்ணெண்ணெய், உளுந்து, மகளுக்கு சாக்ஸ் வாங்க வேண்டும்.
பள்ளியை நடத்தும் ஃபாதர் நேற்றைய கடிதத்தைத் திருப்பித் தந்தார். "ஸ்டெல்லா, கை பழகலன்னா சொல்லிருங்க. திண்டுக்கல்ல கோர்ஸ் முடிச்ச பொண்ணு ஒண்ணு இருக்கு."
"பழகிரும் ஃபாதர்."
வீட்டில் சொல்லவில்லை. இவருடைய டாக்சி வேறு ரிப்பேர். அலுப்பு.

6.7, புதன்
கணக்கு எழுதும் ரோசி என் சீட்டில் உட்கார்ந்து கணக்கிலுள்ள பெயர்களை அடித்துப் பார்த்தாள். "ஏக்கா, எனக்கும் 'ஏ' விழலயே!"
அப்படியானால் என் விரல் இல்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஃபாதர் கம்ப்யூட்டர் விற்ற மதுரைக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

8.7, வெள்ளி
மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார், குளிரில் நடுங்கிக்கொண்டு. கழற்றிப் பார்த்தார். "உள்ள ரப்பர் கிழிஞ்சு கெடக்குக்கா. வரும்போதே இப்படித்தான் வந்திருக்கு. ஒங்க மேல தப்பில்ல." வேறு கீபோர்டு மாட்டினார். ரோசி அடித்தாள், விழுந்தது. ஃபாதர் ஒற்றை விரலால் குத்தினார், விழுந்தது.
நான் உட்கார்ந்தேன். இரண்டு 'ஏ' விழுந்தது. மூன்றாவது இல்லை. விரல் கீழே போனதா என்றே தெரியவில்லை. மோதிர விரலால் அடித்தேன். விழுந்தது.
மெக்கானிக் போனதும் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். "கீ சரியாயிருச்சு ஃபாதர். இப்ப என் விரல்தான்."
என் கையைப் பார்த்தார். "அப்ப பக்கத்து விரல்ல அடிங்க. படிக்கிறவுகளுக்கு எந்த விரல்னு தெரியவா போவுது?"
"திண்டுக்கல் பொண்ணு?"
"வேண்டாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."
சாயங்காலம் இவரிடமும் சொன்னேன். விரலைப் பிடித்து அமுக்கினார். "வலிக்குதா?"
"ஒண்ணுமே தெரியல."
"எம்புட்டு நாளா?"
சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சட்டியையெல்லாம் தானே கழுவினார்.